மறு: ‘வீல் வாப்ளிங்’ தமிழில் என்ன? ‘உதறல்’ என்றே வைப்போம்

குழுவினருக்கு வணக்கம்.

ஓடும் வண்டியில் முன்சக்கரங்கள் திடீரென்று இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கும் குறைதான் ‘வீல் வாப்ளிங்’. அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையில் இதுவரை தள்ளாட்டம், ஊசலாட்டம், சக்கர அதிர்வு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன, நேற்று இரவு ஒரு நண்பர் அமெரிக்க ஜீப்காரர்கள் சொல்லும் ‘டெத் வாபிள்’ என்பதை அப்படியே எடுத்துச் ‘சாவாட்டம்’ என்று நான்காவதையும் வைத்திருக்கிறார். நான்கிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்வதற்கு முன் என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முன்வைக்கப் போகும் சொல் அகராதியைப் புரட்டிக் கிடைத்ததில்லை, அந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஒருவர் வாயிலிருந்து வந்தது.

வண்டி 1999 ஜிப்ஸி. தெரியாதவர்களுக்காக: 1985 முதல் 2019 வரை இந்தியாவில் வந்த சின்ன ஜீப், ராணுவத்தில் நிறைய ஓடியது. முன்னும் பின்னும் இடது வலது சக்கரங்களைச் சேர்க்கும் ஒரே நீள அச்சு, நான்கு பக்கமும் பட்டை (தகடுகளை அடுக்கிய வில்), என் வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துச் சேற்று வழிகளில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு என்னிடம் வந்தது. மலைச்சாலையின் 40 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு குறையும் தெரியாது, அங்கே வேகம் போக வழியில்லையே. கீழே இறங்கி, ஆழியாறு தாண்டிப் பொள்ளாச்சி நோக்கிய நேர்ச்சாலையில் முள் 65-ஐத் தொட்டது, ஒரு சின்னப் பாலத்தின் இணைப்பில் இடது சக்கரம் தட்டியது, அவ்வளவுதான், ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. இறுக்கிப் பிடித்தால் கைதான் வலித்தது, அது நிற்கவில்லை. முன்கண்ணாடி, டேஷ்போர்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளின் தலை எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின. ஆக்சிலேட்டரை விட்டு மெதுவாக வேகத்தைக் குறைத்து, 30-க்குக் கீழ் வந்த பிறகுதான் அடங்கியது. அடுத்த பத்துக் கிலோமீட்டர் வண்டி பட்டுப் போல ஓடியது. அப்புறம் ஒரு பள்ளம், மறுபடி அதே.

ஒரு கடையில் காட்டினேன். ‘வைப்ரேஷன் இருக்கு’ என்று நான் சொன்னேன், அவர்களும் வைப்ரேஷனுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்: நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங், அப்புறம் அலைன்மென்ட். போகவில்லை. இரண்டாம் முறை போனபோது ஸ்டீயரிங் ஆடுவதைத் தணிக்கும் டேம்பரை மாற்றினார்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது. இந்த இழைக்கு அது முக்கியம் என்பதால் சொல்கிறேன். இரண்டு வேறு நோய்க்கு ஒரே பெயர் இருந்தால் இரண்டுக்கும் ஒரே மருந்துதான் கிடைக்கும்.

இரண்டும் எப்படி வேறு என்று பார்ப்போம். சக்கரத்தில் எடை சமமில்லை என்றால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை கொடுக்கும். ஜிப்ஸியின் 205/70 ஆர் 15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும், ஆகவே 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டு உதை, 80-இல் பத்தரை. இந்த உதையின் எண்ணிக்கை அச்சும் பட்டையும் இயல்பாக ஆடும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரும்போது கையில் நன்றாகத் தெரியும், அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் குறைந்துவிடும். எந்தப் பள்ளமும் தேவையில்லை, சக்கரம் சுற்றினாலே போதும். இதை நடுக்கம் என்கிறேன், பொதுவாக அதிர்வு என்றாலும் தவறில்லை.

என் வண்டிக்கு வந்தது வேறு. அதற்கு ஒரு தட்டல் வேண்டும், தட்டிய பிறகு அது தன்னாலேயே வளரும், வளர்வதற்கு வேண்டிய சக்தியை வண்டி ஓடும் வேகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். நீள அச்சு வண்டியில் இது ஏன் கூடுதலாக வருகிறது என்பதற்குப் பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றும் பம்பரத்தைச் சாய்த்தால் அது சாய்த்த பக்கம் போகாது, குறுக்கே திரும்பும். இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும், சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு சக்கரமும் பம்பரம் போலக் குறுக்கே திரும்பப் பார்க்கும், திரும்பினால் அதுவே அச்சை மறுபடி சாய்க்கும். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் இந்தச் சுழல் அடங்கிவிடும். எங்கோ ஒரு மில்லிமீட்டர் இடம் இருந்தால், அந்த இடத்துக்குள் சக்கரத்தைத் தடுக்க ஒன்றுமில்லை, சுழல் பிடித்துக்கொள்ளும். கார்களுக்கு முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு 1930-களில் பரவியதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

ஊஞ்சலை யாராவது தள்ளிக்கொண்டே இருந்தால்தான் ஆடும், விட்டுவிட்டால் அடங்கும். அதனால்தான் ஊசலாட்டம் இங்கே பொருந்தாது. தள்ளாட்டம் மெதுவானது, குடித்தவர் நடப்பது, இங்கே நொடிக்குப் பல தடவை அடிக்கிறது. வேண்டுமானால் நேர்ச்சாலையில் வண்டி கோடு பிடிக்காமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்கிறதே, அந்தக் குறைக்கு அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ‘அலைச்சல்’ என்ற சொல் இன்னும் எளிது. ‘வண்டி அலையுது’ என்றால் ஓட்டுநருக்குப் புரியும்.

இப்போது என் பரிந்துரை: சக்கர உதறல், சுருக்கமாக உதறல்.

அந்த மெக்கானிக் சொன்னதை அப்படியே தருகிறேன். ஊர் எல்லையில் லாரிப் பட்டை கட்டும் ஒரு பழைய பட்டறை. நான் ‘வைப்ரேஷன்’ என்று ஆரம்பித்தேன். அவர் நிறுத்தி, “நடுங்குதா, உதறுதா?” என்று கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்து, “ஒரே வேகத்துல தொடர்ந்து கிர்ருனு இருக்குதா, இல்ல பள்ளத்துல விழுந்ததும் உதறல் எடுக்குதா?” என்றார். இரண்டாவது என்றேன். பேலன்சிங் மெஷின் பக்கமே அவர் போகவில்லை. இரண்டு நோயையும் ஒரே கேள்வியில் பிரித்துவிட்டார், அதற்கு வேண்டிய இரண்டு சொல்லும் அவரிடம் ஏற்கனவே இருந்தன.

‘எடுக்கிறது’ என்ற வினையையும் கவனியுங்கள். குளிர்காய்ச்சலில் உதறல் எடுக்கிறது, பயத்தில் உதறல் எடுக்கிறது. திடீரென்று ஆரம்பிக்கும், பெரிதாக இருக்கும், பல்லைக் கடித்து அடக்கினாலும் நிற்காது. எனக்கு ஸ்டீயரிங்கில் நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். துணியை உதறுவது வேண்டுமென்று செய்வதாயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, அது உதறுதல். உதறல் என்று பெயராக வரும்போது பெரும்பாலும் நம் கட்டுப்பாட்டில் இல்லாததைத்தான் சொல்கிறோம்.

ஆங்கிலத்தில் இதன் பொறியியல் பெயர் ஷிம்மி. அது நூறு வருடத்துக்கு முன்பு தோளைக் குலுக்கி ஆடிய ஒரு நடனத்தின் பெயர். அவர்கள் தங்கள் தெருவில் பார்த்ததிலிருந்து சொல் எடுத்தார்கள். ஜெர்மானியர் கொடி படபடப்பதற்குச் சொல்லும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாமும் நம் உடம்பில் அறிந்த சொல்லை எடுப்பதில் குறையொன்றும் இல்லை. அதே ஷிம்மி விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கும் வரும், கடையில் தள்ளிக்கொண்டு போகும் டிராலியின் சின்னச் சக்கரத்துக்கும் வரும். இரண்டு இடத்திலும் ‘சக்கர உதறல்’ பொருந்துகிறது. ‘திசைமாற்றி அதிர்வு’ போன்ற சொல் வைத்தால் ஸ்டீயரிங்கே இல்லாத டிராலிக்கு என்ன செய்வது? சாவாட்டம் வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு: அது பயத்தைச் சொல்கிறது, எது ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்பதைச் சொல்லவில்லை.

அடுத்து ‘ப்ளே’, அதாவது மூட்டுக்குள் அசைய இருக்கும் இடம். உதறலைவிட இதற்குத்தான் நல்ல சொல் அவசரம், ஏனென்றால் சோதனை முழுவதும் இதைத் தேடுவதுதான். அன்று அந்த மெக்கானிக் எப்படித் தேடினார் என்று சொல்கிறேன்.

வண்டி தரையிலேயே நிற்கிறது, ஜாக்கி இல்லை. உதவிக்கு இருந்த பையன் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் இடம், இரண்டு அங்குலம் வலம், விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தான். மெக்கானிக் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் கட்டைவிரலை வைத்தார், விரலின் பாதி இந்த உறுப்பில், பாதி அந்த உறுப்பில் இருக்கும்படி. “கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும், நீங்களும் வைங்க” என்றார். முன்சக்கரம் இரண்டையும் சேர்க்கும் டை ராடின் எண்டு இரண்டிலும் ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் பெட்டியின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்கின் ஒரு முனையில் ‘டக்’ என்று லேசாகத் தட்டியது. பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் முன்பக்கத்து சாக்கிளில் ரப்பர் புஷ் ஒருபக்கமாக நசுங்கி, போல்ட் அதற்குள் மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஸ்டீயரிங் பெட்டி சேசிஸோடு சேரும் இடத்தையும் பார்த்தார், விரிசல் இல்லை.

பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, அசைத்தால் ஆடுகிறது. வீல் பேரிங்காகவும் இருக்கலாம், சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னின் பேரிங்காகவும் இருக்கலாம். பையனை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பிரேக் பிடித்தவுடன் ஆடுவது நின்றால் வீல் பேரிங், பிடித்தும் ஆடினால் கிங் பின். ஆடியது.

பிரித்தபோது உள்ளிருந்து கிரீஸ் வரவில்லை, டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. ஓரத்து சீல் கிழிந்து வருடக்கணக்கில் சேற்றுத் தண்ணீர் போயிருக்கிறது. கீழ் பேரிங்கின் கிண்ணத்தைத் துணியில் துடைத்துக் கையில் கொடுத்தார். உருளைகள் வண்டி நேராக ஓடும் நிலையிலேயே நின்று நின்று, வரிசையாகக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது, நகத்தால் தடவினால் ஒவ்வொன்றிலும் நகம் மாட்டியது. டேம்பர் இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்தது இதைத்தான்.

இந்த ‘ப்ளே’வுக்குத் ‘தளர்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் தளர்ந்ததை இறுக்கினால் சரியாகிவிடும். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் நட்டு தளர்ந்திருந்தால் ஸ்பேனர் போதும். தேய்ந்த புஷ்ஷை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆகவே இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்வோம்: இறுக்கினால் போவது தளர்வு, தேய்ந்து வந்தது ஆட்டம். ‘பல் ஆட்டம் கண்டுவிட்டது’ என்கிறோமே, அதே ஆட்டம். நடனத்தையும் விளையாட்டையும் குறிக்கும் சொல்லாயிற்றே என்று தயங்க வேண்டாம், பல் மருத்துவரிடம் போனவர் யாரும் அங்கே குழம்புவதில்லை. கையேட்டில் எழுதும்போது ‘மூட்டாட்டம்’ என்று சேர்த்து எழுதலாம்.

மற்றவை சுருக்கமாக. டேம்பருக்குத் தணிப்பான் என்று ஏற்கனவே புழங்குகிறது, மாற்ற வேண்டாம், அது தணிக்க மட்டும்தான் செய்யும் என்பது பெயரிலேயே இருக்கிறது. கிங் பின்னுக்குத் ‘திருப்பாணி’: மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி இருப்பதுபோல, சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த ஆணி. காஸ்டருக்குப் ‘பின்சாய்வு’ என்று முன்வைக்கிறேன், திருப்பாணியின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது, சைக்கிளின் முன் ஃபோர்க்கில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜிப்ஸியில் உயரம் கூட்டுவதற்காக முன்னால் நீளமான சாக்கிள் போடுபவர்கள் இந்தப் பின்சாய்வைத்தான் இழக்கிறார்கள், அச்சு முன்னோக்கி உருண்டுவிடும், சக்கரம் தானாக நேராகும் குணம் குறையும், உதறலுக்கு வழி திறக்கும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு வைத்து மீட்கிறார்கள். ‘ஆப்பு’ பட்டறையிலேயே இருக்கிறது, ஆக்க வேண்டியதில்லை.

சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கல்’ என்று பாடநூல் வழக்கைக் காட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, வேதியியலில் நீரில் கரையாமல் மிதக்கும் துகள்களுக்கும் அதே சொல், தவிர வண்டியில் எதுவும் தொங்கவில்லை, வண்டியை அது தாங்குகிறது. ‘தாங்கமைப்பு’ சரியாக வருமா என்று தனி இழையில் பேசலாம்.

வண்டி இப்போது: இரண்டு பக்கமும் திருப்பாணி பேரிங், சீல், சாக்கிள் புஷ் எட்டு, டிராக் லிங்க் எண்டு ஒன்று. பேரிங் மாட்டியபின் டை ராடைக் கழற்றி வைத்துவிட்டு, சுருள்வில் தராசை மாட்டி இழுத்து, எவ்வளவு இழுப்பில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் உறுப்பு) திரும்பத் தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, இடைவெளிக்கு வைக்கும் ஷிம் தகட்டைக் குறைத்தார். முதல் தடவை இலேசாகத் திரும்பியது, ஒரு மெல்லிய தகட்டை எடுத்தார், மறுபடி இழுத்தார், இன்னொன்றை எடுத்தார். இந்த முன் இறுக்கத்துக்கு, அதாவது ஓடுவதற்கு முன்பே பேரிங்குக்குக் கொடுத்து வைக்கும் அழுத்தத்துக்கு, அவரிடம் சொல் இருக்கிறதா என்று கேட்டேன். “டைட்டு வைக்கிறது” என்றார். ‘முன்னிறுக்கம்’ என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். லாரி, டிராக்டர் பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் இதற்கு வேறு சொல் கேட்டிருந்தால் எழுதுங்கள், சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் முக்கியமாக.

ஞாயிறு காலை அதே பாலத்தின் இணைப்பில் 70-இல் ஏற்றிப் பார்த்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மகள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், பாலம் போய் ஒரு பர்லாங்கு கழித்துத்தான் விட்டாள்.