ரோபோ கதையைச் சரளமாக வாசிக்கிறார்கள், கேள்வி கேட்டால் விழிக்கிறார்கள்

கேள்வி (3ஆம் வகுப்பு ஆசிரியை):
எண்ணும் எழுத்தும் (தமிழ்நாடு அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம்) வகுப்பில் மலர் நிலைப் பிள்ளைகள் (அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறும் மூன்று கற்றல் நிலைகளில் மேல் நிலை) பத்து வரிக் கதையைத் தடுமாறாமல் வாசித்துவிடுகிறார்கள். "ரோபோ ஏன் நின்றது?" என்று கேட்டால், "நின்றது" என்று வரும் வரியையே திருப்பி வாசிக்கிறார்கள். ரோபோ என்றால் ஆர்வமாக உட்காருவதால் அந்தக் கதைகளை வைத்தே சொல்லித்தர வேண்டும். எங்கே தொடங்கலாம்?

பதில்:
டீச்சர், முதல் வாரம் கதையை ஒதுக்கிவையுங்கள். ஒரு பிள்ளைதான் ரோபோ. துண்டுச்சீட்டில் இருப்பதை மனதுக்குள் வாசித்து, எழுதியபடி மட்டும் செய்ய வேண்டும். மற்றவர்கள் அதே சீட்டை வைத்துச் சரிபார்ப்பார்கள். "டப்பாவுக்குள் சாக்பீஸை வை", "டப்பாவுக்குப் பின்னால் சாக்பீஸை வை", "டப்பாவிலிருந்து சாக்பீஸை எடு". சொல்லின் கடைசிப் பகுதியைக் கவனிக்காமல் ஊகித்து வாசிக்கிற பிள்ளை இங்கேயே மாட்டிக்கொள்ளும். அடுத்து, "கதவைத் தொடுவதற்கு முன் கைதட்டு". பலர் முதலில் கதவைத்தான் தொடுவார்கள், ஏனென்றால் எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்கிறார்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு சீட்டு போதும். சத்தமாக வாசிக்க விடாதீர்கள். பக்கத்துப் பிள்ளை காதால் கேட்டே செய்துவிடும்.

இன்னொரு பதில்:
மேலே சொன்னது சரி. கதைக்கு வந்ததும் பெரிய சிக்கல் "அது". ரோபோவும் அஃறிணை, பூனையும் அஃறிணை. "ரோபோ பூனைக்குப் பால் ஊற்றியது. அது நக்கிக் குடித்தது. அதன் பேட்டரி தீர்ந்துபோனது." ஒவ்வொரு "அது", "அதன்" மேலும் பென்சிலால் வட்டம் போட்டு, யாரைக் குறிக்கிறதோ அந்தப் பெயருக்கு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பூனைக்கு பேட்டரி மாட்டிவிடும் பிள்ளைகள் யாரென்று உடனே தெரியும்.

"ஏன்" கேள்விக்கு, காரணத்தை ஒரே வரியில் எழுதாத கதை வேண்டும். ரோபோ செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கதை என்றால், 2ஆம் வரியில் "முதுகில் சோலார் தகடு இருந்தது", 7ஆம் வரியில் "கருமேகம் சூரியனை மூடியது", 8ஆம் வரியில் "ரோபோவின் கை பாதியில் நின்றது". இப்போது "ஏன் நின்றது" என்று கேட்காமல் "செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்க முடியாமல் போனது எதனால்?" என்று கேளுங்கள். பதில் வரியிலுள்ள சொல் கேள்வியில் இருந்தால் தேடிப்பிடித்துவிடுவார்கள். பதிலோடு, அதற்கு ஆதாரமான இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். படத்தில் மேகம் வரைந்திருந்தால் வாசிக்கும்வரை தாளால் மூடிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அதே வகுப்பில் அரும்பு நிலைப் பிள்ளைகளும் இருக்கிறார்களே, சார்?

பதில்:
அவர்களுக்குக் கட்டளையை நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள், செய்யட்டும். ஆனால் அது கேட்டுப் புரிந்துகொள்வது. பதிவேட்டில் வாசிப்பு என்று குறிக்க வேண்டாம். மொட்டு நிலைக்கு "கை தூக்கு" மாதிரி இரண்டு சொல் சீட்டு கொடுக்கலாம்.

மலர் நிலைக்கு வாரக் கடைசியில், பழகிய கதையில் முரணான ஒரு வரியைச் செருகுங்கள். தொடக்கத்தில் "ரோபோவுக்குக் கால் இல்லை, சக்கரம்தான்" என்று இருந்தால், பின்னால் "காலைத் தூக்கிப் படியேறியது". "ரோபோ இட்லி சாப்பிட்டது" என்று எழுதினால் பயனில்லை. கதையில் அதுவும் நடக்கும் என்று ஏற்றுக்கொள்வார்கள். முரண் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போகிற பிள்ளையைத் திரும்ப அம்புக்குறி வேலைக்கு அனுப்புங்கள்.