ரோட்டா சொட்டு மருந்து ஆய்வு: புள்ளியியல் தெரிந்தவர்கள் உதவவும்

பெரம்பூரில் இருக்கிறோம். பாப்பாவுக்கு 6 வார ரோட்டா சொட்டு மருந்து (ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான தடுப்பு மருந்து) கொடுத்தாச்சு, 10 வார டோஸ் அடுத்த வாரம். அதற்குள் மச்சான் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார், இதனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளுமாம். முழுப் பொய்யும் இல்லை, அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற மருந்தை 1999-இல் இதே காரணத்துக்காகத்தான் திரும்பப் பெற்றார்கள். ஆனால் இங்கே கொடுப்பது வேறு மருந்து.

டாக்டரிடம் கேட்டேன். "ஒண்ணும் ஆகாது" என்றார், வெளியே அவ்வளவு கூட்டம். அப்புறம் இந்திய மருத்துவமனைகளில் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வைத் தேடிப் படித்தேன். மருந்து எடுத்த குழந்தையையும் எடுக்காத குழந்தையையும் ஒப்பிடாமல், பாதிப்பு வந்த அதே குழந்தைக்கு டோஸுக்குப் பிந்தைய 21 நாட்களில் அது வந்ததா, மற்ற நாட்களில் வந்ததா என்று பார்க்கிறார்கள். இதுவரை புரிகிறது. ஆபத்து கூடவில்லை என்பதே முடிவு. முட்டி நிற்பது நம்பக இடைவெளியில்தான் (confidence interval, உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு). டோஸுக்குப் பிந்தைய நாட்களில் பாதிப்பு மற்ற நாட்களைப் போல எத்தனை மடங்கு என்பதே இங்கே எண், 1 என்றால் வித்தியாசம் இல்லை. மூன்றாம் டோஸுக்கு அந்த இடைவெளி 1-க்குக் கீழே தொடங்கி 1-ஐத் தாண்டிப் போகிறது. யூடியூபில் ஆளுக்கொரு விளக்கம்.

டோஸைத் தள்ளிப்போடப் போவதில்லை, மச்சானுக்குச் சரியாகப் பதில் சொல்லணும், அவ்வளவுதான். இந்த இடைவெளியை "ஆபத்து இல்லை" என்று படிப்பதா, "சிறிய ஆபத்து இருந்தாலும் இந்த அளவு ஆய்வில் தெரியாது" என்று படிப்பதா?