யாங்கோன் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்வது எப்படி?

கேள்வி: கதைப்பிரியன், யாங்கோன்

அனைவருக்கும் வணக்கம். ஒரு கடையில் கணக்கெழுதுவது என் தொழில்; மற்ற நேரமெல்லாம் கதை கேட்பதிலும் சொல்வதிலும் கழிகிறது. விடுமுறை கிடைத்தால் பெகு, தட்டோன், மோல்மேன் என்று பர்மாவின் மற்ற ஊர்களுக்கு ரயிலேறிச் சென்று, முதியவர்களிடம் கேட்ட கதைகளை நோட்டில் எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் கதை சொல்கிறேன்.

சென்ற மாதம் நிலாவில் வடை சுடும் பாட்டியின் கதையைத் தொடங்கினேன். கன்னத்தில் பூசிய தனகா என்னும் மரப்பட்டைச் சாந்து காய்ந்து வெடித்திருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, நிலாவில் இருப்பது நெல் குத்தும் தாத்தா என்றும், பக்கத்தில் ஒரு முயல் தவிடு தின்கிறது என்றும் பர்மிய மொழியில் உறுதியாகச் சொன்னாள். மற்றப் பிள்ளைகளும் அவளையே ஆமோதித்தனர். இந்த நாட்டுக் கதை அதுதான் என்பதால் என்னால் மறுக்க முடியவில்லை. வீட்டிலும் தெருவிலும் பர்மிய மொழி பேசி வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதையை எப்படிச் சொல்வது? இடையிடையே பர்மியச் சொற்களைக் கலக்கலாமா?

பதில்: ஓர் ஆசிரியை, மோல்மேன்

தம்பி, பர்மியச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். மீன்குழம்பில் நூடுல்ஸ் சேர்த்த 'மொஹிங்கா'வை மொஹிங்கா என்றே சொல்லுங்கள். அதற்குத் தமிழில் பெயர் தேடினால் கதை அங்கேயே நின்றுவிடும். ஆனால் வாக்கியம் தமிழாகவே ஓடட்டும். அதைவிட முக்கியமாக, பிள்ளைகளை 'ஊம்' கொட்டப் பழக்குங்கள். மோல்மேனுக்கு எதிர்க்கரையிலுள்ள மோட்டமாவில் ரயிலைவிட்டு இறங்கிப் படகேறி ஆற்றைக் கடந்த காலத்தில், 2005இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன், அந்தப் படகில்தான் என் பாட்டி எனக்குக் கதை சொல்வார். 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிப் புரோமிலிருந்து அரக்கான் மலை வழியாகத் தௌங்குப்புக்கு நடந்துபோனவர்களின் கதையை, தம் தாயிடம் கேட்டபடி சொல்வார். நான் 'ஊம்' சொல்ல மறந்தால் அவரும் நிறுத்திவிடுவார். என் தமிழ் முதலில் அந்த ஓர் ஒலியாகத்தான் வாயில் நின்றது.

பதில்: பெகு வாசகர்

ஐயா, பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த கதையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. பர்மிய இராமாயணமான யாம ஸாத்தோ கூத்தில் வரும் யாமாவும் தீதாவும் தத்தகிரியும் நம் இராமனும் சீதையும் தசக்கிரீவனாகிய இராவணனும்தான். பர்மியப் பேச்சில் ரகரம் யகரமாக ஒலிப்பதால்தான் ரங்கூன் யாங்கோன் ஆனது. இராமன் யாமா ஆனதும் அதே வழியில்தான். இதை எங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, பிள்ளைகள் தாங்களாகவே வேறு சொற்களைத் தேடத் தொடங்கினர். மொழியைப் பாடமாக நடத்திய எந்த நாளிலும் அந்த ஆர்வத்தை நான் கண்டதில்லை.

பதில்: கதைப்பிரியன், யாங்கோன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நிலாவில் பாட்டியையும் தாத்தாவையும் அண்டை வீட்டாராகக் குடிவைத்தேன். வடைக்கு உளுந்து வேண்டுமே என்று பாட்டி கவலைப்பட, இந்தியாவுக்கே உளுந்து அனுப்பும் நாடு கீழே இருக்கும்போது கவலை எதற்கு என்று தாத்தா தேற்றினார். தவிடு தின்று சலித்த முயல் வடை கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மண்டபம் முழுவதும் 'ஊம்' ஒலித்தது. முயலுக்கு வடை கிடைத்ததா என்று அந்தச் சிறுமி தமிழில் கேட்டாள், "கெடச்சுதா?" என்ற ஒரே சொல்தான், ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆசிரியை அம்மா, தடிஞ்சுட் என்னும் விளக்குத் திருவிழா விடுமுறையில் நான் மோல்மேன் வர எண்ணியிருக்கிறேன். உங்கள் பாட்டியார் சொன்ன அந்த நடைப்பயணக் கதையை முழுவதும் கேட்டு எழுதிக்கொள்ள அனுமதிப்பீர்களா?