பாட்டு முடிந்த பிறகும் ராகம் சொன்ன குரல்: வானொலிக் கச்சேரி அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

போன மாதம் ஆலத்தூரில் ஒரு கல்யாணம். பாலக்காட்டில் திருச்சூர் பஸ் ஏறினேன். பின் சீட்டில் இருந்த ஓர் அம்மா கண்டக்டரிடம் "ஒரு த்ருச்சூர்" என்றார். அவ்வளவுதான், ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. "ஆகாசவாணி, த்ருச்சூர்" என்று எங்கள் வீட்டில் காலையில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே த்ருச்சூர். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. திரும்பி, "சேச்சி, ரேடியோவில் கச்சேரி அறிவிப்பு சொன்னது நீங்கள்தானே?" என்று கேட்டேன். "சப்தம் கேட்டு மனசிலாயோ?" என்று சிரித்தார். ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகிவிட்டதாம்.

அப்பாவைப் பற்றி அவரிடம் சொல்லாமல் இறங்கக் கூடாது என்று தோன்றியது. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கேரளத்தில் இருந்தாலும் வீட்டில் பேச்சு தமிழ். ரேடியோ மத்திய அலையில் 630 கிலோஹெர்ட்ஸில் திருச்சூர், 999-ல் கோவை, ராத்திரியானால் 936-ல் திருச்சி. திருச்சிக்கும் கோவைக்கும் நடுவே முள் ஒரு நூல் அளவுதான் நகரும். அப்பா குமிழை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு திருப்புவார். அறிவிப்பாளர் வாய் திறந்ததும் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். ராகத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதம். பாட்டு தொடங்கியிருக்கும் என்று ஒரு கணக்கு வைத்துக் கூட்டுவார். முடிந்ததும் காதைச் செட்டின் மேலேயே வைத்து, சொன்னது சரிதானா என்று பார்ப்பார். அப்புறம் நோட்டில் ஏறும்: பாடியவர், வயலின், மிருதங்கம், ராகம், தாளம், எந்த நிலையம்.

ஆக, அப்பாவுக்குப் பாட்டுக்கு முன்னால் வரும் அறிவிப்பு கணக்கிலேயே இல்லை. பின்னால் வருவதுதான் உயிர். இந்தச் சேச்சி எத்தனை அவசரத்திலும் அதை விட்டதில்லை. மிருதங்கக்காரர் பெயரைக் கடைசியில் இன்னொரு தடவை சொல்வார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஜில்லாவில் அந்தப் பெயரை விழுங்கினால் யாருக்குப் பொறுக்கும்?

ஒரு தடவை வேறொரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) தோடி ராகம். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடிவுக் கோர்வையான மோராவைத் தொட்டாயிற்று, இனி பல்லவி எடுக்க வேண்டியதுதான். சட்டென்று சத்தத்தைக் குறைத்து, ஒரு விளம்பரத்தைப் போட்டார்கள். அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நான் சொல்வது மிகையில்லை.

இதைச் சேச்சியிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. டெல்லி செய்தி யாருக்காகவும் நிற்காது, அதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் தொடக்கத்தில் பேச வேண்டியதில் இரண்டு வாக்கியத்தைத் தானே வெட்டி, அந்த நேரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாராம். இன்னொன்றும் சொன்னார். பாட்டு முடிந்ததும் உடனே பேச மாட்டார். தம்புரா அடங்கட்டும் என்று மனசுக்குள் மூன்று எண்ணுவார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஜில்லா மஞ்ஞப்ராவில் பிறந்த பாடகர் எம்.டி. ராமநாதனின் பழைய பதிவுகளை அவர் போட்ட நாட்கள் ஞாபகம் வந்தன. அந்த மெதுவான விளம்ப காலத்தில் பாட்டு முடிந்ததா இல்லையா என்பதே தம்புரா அடங்கினால்தான் தெரியும். அந்த மூன்று எண்ணிக்கையைத்தான் அப்பா "இந்த அம்மாவுக்குக் காது இருக்கு" என்று சொல்லியிருக்கிறார் போல.

நகரியிலிருந்து (ஆந்திரா):

படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் ஐயா. எங்கள் தெருவில் விசைத்தறி ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால் தறி போடுவதற்கு முன்னால் கிடைக்கும் அரை மணிதான் அம்மாவின் ரேடியோ நேரம். சென்னை 720-ல் வரும், கடப்பா 900-ல். வீட்டில் தமிழ்தான், ஆனால் தெலுங்கு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள்.

தமிழ் நிலையங்களில் "தியாகராஜர் கீர்த்தனை, ராகம் கல்யாணி" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். தெலுங்கு அறிவிப்பாளர் ஒருவர் பாட்டுக்கு முன் இரண்டே வரியில் பொருள் சொல்வார். "நிதி சால சுகமா" பாடும் முன், செல்வம் மிகுந்த சுகம் தருமா, ராமன் சன்னிதியில் இருப்பது சுகம் தருமா என்று தியாகராஜர் மனசைக் கேட்கிறார் என்றார். அம்மா கையில் காப்பி டம்ளரோடு, "நம்ம சால தானே அது, சாலச் சிறந்தது என்கிறோமே!" என்று கூவினார். அதுவரை அந்தச் சொல்லைத் தமிழோடு சேர்த்துப் பார்த்ததில்லை. பொருள் தெரியாமல் அம்மா நாற்பது வருடம் முணுமுணுத்த பாட்டு அது. அந்த அறிவிப்பாளரை ஒரு நாளாவது நேரில் பார்த்து இதைச் சொல்ல ஆசை.

செங்கோட்டையிலிருந்து:

1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர் எங்களுடையது, அதனால் திருவனந்தபுரம் 1161-ம் எங்களுக்குச் சொந்தம், நெல்லை 1197-ம் சொந்தம். ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் அப்பாவோடு ஒத்துப்போக முடியவில்லை. நான் முறையாகச் சங்கீதம் படிக்கவில்லை. ராகம் முதலிலேயே தெரிந்தால்தான் எனக்குக் காது அதற்குள் போகும். ஆபேரிக்கும் கரகரப்பிரியாவுக்கும் வித்தியாசம் பிடிபட்டதே முதலில் பெயர் சொன்னவர்களால்தான். இரண்டு முறையும் சொல்லட்டும், அதில் என்ன நஷ்டம்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

செங்கோட்டை அண்ணா சொல்வது சரி. இரண்டு முறையும் சொல்ல வேண்டும். அப்பாதான் குமிழைத் திருப்பிவிடுவாரே, அவருக்குப் பாதகமில்லை.

நகரி நண்பருக்கு: உங்கள் அம்மா சொன்ன "சால"வை என் பெண்ணிடம் சொன்னேன். அவள் போனில் ஆகாசவாணியின் ராகம் சேனல் கேட்பவள், 2016-ல் தொடங்கினார்களே, அது. ராத்திரி முழுக்கக் கச்சேரி வருகிறது, எனக்கும் பிடித்திருக்கிறது.

நேற்று பரண் மேலிருந்து அப்பாவின் நோட்டுகளை இறக்கினேன். கடைசி அறிவிப்பு வராமல் போன நாட்களில் ராகம் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். மொத்தம் 17. திருச்சூர் என்று எழுதிய வரிகளில் இரண்டே இரண்டு. இரண்டின் பக்கத்திலும் அப்பா கையெழுத்தில் "கரண்ட் போச்சு" என்று இருக்கிறது.