நியாசின்: உடம்பு சிவக்காத வகைக்கு மாறலாமா?

கேள்வி:
வணக்கம். வயது 52. எனக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதல், ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் ஹெச்டிஎல் குறைவு. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று நானாகவே 500 மி.கி. நியாசின் (வைட்டமின் பி3) வாங்கி, போன ஞாயிறு வெறும் வயிற்றில் ஒன்று போட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, காது மடல் சுட ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து, நெஞ்சு, முன்கை என்று வரிசையாகச் சிவந்து, தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போல அரிப்பு. ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. ஆனால் அதுவரை பயந்தே போனேன். ‘சிவக்காது’ என்று போட்டு ஒரு வகையும், ‘மெதுவாகக் கரையும்’ என்று இன்னொரு வகையும் விற்கிறார்கள். இவற்றில் அதே பலன் கிடைக்குமா?

பதில் 1:
நான் எடுப்பது நிகோடினமைடு என்ற இன்னொரு வகை நியாசின், 500 மி.கி., காலையும் இரவும். இரண்டு முறை தோல் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தது. ஒருநாளும் சிவந்ததில்லை. ஆனால் கொலஸ்ட்ரால் இம்மிகூட அசையவில்லை.

பதில் 2:
மருந்தாளுநராக இருபது வருடமாக இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நிகோடினிக் அமிலம், நிகோடினமைடு இரண்டுமே வைட்டமின் பி3தான். இந்த வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ரா நோயை இரண்டுமே குணமாக்கும். அதனால்தான் இரண்டுக்கும் நியாசின் என்ற ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கொழுப்பைக் குறைப்பது நிகோடினிக் அமிலம் மட்டும்தான், அதுவும் கிராம் கணக்கில் எடுத்தால். 1955-லேயே கண்டறிந்த விஷயம் இது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைட்டமினாக வேண்டியது 14 முதல் 16 மி.கி.தான். நீங்கள் போட்டது அதைப்போல முப்பது மடங்கு.

சிவப்பது ஒவ்வாமை இல்லை. தோல் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வெளியிடும், ரத்தக் குழாய்கள் விரியும், அவ்வளவுதான். தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இது தானே குறைந்துவிடும்.

‘சிவக்காது’ என்று எழுதிய டப்பாவில் பெரும்பாலும் இருப்பது இனோசிட்டால் ஹெக்சாநிகோட்டினேட். அதிலிருந்து ரத்தத்துக்கு வரும் நிகோடினிக் அமிலம் மிகச் சொற்பம். சிவக்காததற்குக் காரணமும் அதுவே, கொழுப்பு குறையாததற்குக் காரணமும் அதுவே.

எனக்கு உண்மையில் கவலை, மெதுவாகக் கரையும் வகையைப் பற்றித்தான். 1994-ல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில் அதை எடுத்த 23 பேரில் 12 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. உடனே கரையும் வகை எடுத்த 23 பேரில் ஒருவருக்கும் இல்லை. தோல் சும்மா இருக்கிறதே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கல்லீரலோ சத்தம் போடாது. தயவுசெய்து ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கும் 25,673 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. நீடித்து வெளியாகும் நியாசினோடு, சிவப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் எண்கள் நன்றாக மாறின, ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. சர்க்கரை நோய், தொற்று, ரத்தக்கசிவு ஆகியவைதான் கூடின. அதற்குப் பிறகு கொழுப்புக்கு நியாசின் எழுதும் மருத்துவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

உங்களுக்குச் சர்க்கரையோ யூரிக் அமிலமோ இருக்கிறதா?

கேட்டவர்:
யூரிக் அமிலத்துக்கு மூன்று வருடமாக மாத்திரை எடுக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? வாங்க நினைத்த ‘சிவக்காத’ வகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இனோசிட்டால் பெயர்தான் பொடி எழுத்தில் இருக்கிறது.

பதில் 2:
உண்டு. நிகோடினிக் அமிலம் யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும், மூட்டு வீங்கி வலி திரும்ப வரலாம். இருக்கும் டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது கையோடு கொண்டுபோய் லேபிளைக் காட்டுங்கள். ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்பதைப் பொறுத்து அவர் வேறு வழி சொல்வார்.