கார் ஷெட் கதவு தானே சாத்திக்கொண்டால் அதற்கு என்ன பெயர்?

பாளையங்கோட்டையிலிருந்து, செவ்வாய் காலை 7.40

குழும உறவுகளுக்கு வணக்கம். மோட்டார் வைத்த கராஜ் கதவுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்க வேண்டும். 48 பக்கத்தில் 45 முடிந்தாயிற்று. ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். குறித்துவைத்த நிமிடம் ஆனதும், யாரும் பொத்தானைத் தொடாமலே கதவு இறங்கிவிட வேண்டும். அதற்கான கருவி மோட்டாரோடு வருகிறது. ஆங்கிலத்தில் ஆட்டோமேட்டிக் குளோசர் என்கிறார்கள். இந்தச் சொல் 31 இடத்தில் வருகிறது, பாதி எச்சரிக்கைக் கட்டத்துக்குள். கடைசிப் பக்கம் சுவரில் ஒட்டுகிற தாள்.

இப்போதைக்கு ‘தானியங்கி மூடுவான்’ என்று போட்டிருக்கிறேன். வாசித்தால் எனக்கே சகிக்கவில்லை. அப்புறம், ஆபீஸ் கதவின் தலையில் மடங்கி நீளும் கை ஒன்று இருக்குமே, அந்த டோர் குளோசர் இல்லை இது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, 8.15

மகளே, மூடுவது பானையை. கதவை அடைப்பதுதான் மரபு. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்றாரே தவிர ‘மூடுந்தாழ்’ என்றாரா வள்ளுவர்? ஆகவே தன் + அடைப்பான் = தன்னடைப்பான். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். ‘தனடைப்பான்’ என்று எழுதிவிடாதீர்கள். இதே குழுமத்தில் ஒருவர் ‘தனாட்சி’ என்று எழுதியதைப் பார்த்து எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து, 9.02

ஐயா மன்னிக்க வேண்டும், நான் கால்நடை மருத்துவன். எங்கள் துறையில் அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாடு பொத்தென்று விழுந்து சாகும்; மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடியும். அறுத்துப் பார்க்கக் கூடாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ‘இந்த வீட்டில் தன்னடைப்பான் உள்ளது’ என்று தாள் ஒட்டினால் பால்காரர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்.

வள்ளியூரிலிருந்து, 9.30

நான் ஷட்டர் மோட்டார் மாட்டுகிற ஆள். சைட்டில் ‘ஆட்டோ குளோஸ்’ என்போம். வீட்டு ஆச்சிகளிடம் சொல்லும்போது ‘தானா சாத்திக்கிடும் ஆச்சி, பயப்படாதீங்க’ என்போம். இதுவரைக்கும் ஒருத்தரும் புரியவில்லை என்று சொன்னதில்லை. ‘தானே சாத்தி’ என்று வைத்துவிடுங்களேன். இன்னொன்று, யார் இங்கே கராஜ் என்கிறார்கள்? கார் ஷெட்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, 10.10

சாத்துதல் இறைவனுக்கு. மாலை சாத்துவோம், சந்தனம் சாத்துவோம், அர்த்தசாமம் முடிந்து நடை சாத்துவோம். தவிரவும் சாத்து என்றால் வணிகர் கூட்டம். கோவலன் தகப்பனார் பெயரே மாசாத்துவான். ‘தானே சாத்தி’ என்றால் தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்பவன் என்று ஆகும். அப்படிப்பட்டவர்கள் ஊரில் உண்டு, அது வேறு.

வள்ளியூரிலிருந்து, 10.14

ஐயா, எங்கள் பக்கம் அடிக்கிறதும் சாத்துறதுதான். ஆனாலும் ‘கதவைச் சாத்து’ என்றால் யாரும் கதவை அடிக்கிறதில்லை.

செங்கோட்டையிலிருந்து, பகல் 12.45

வள்ளியூர் அண்ணாச்சி சொல்வது பேச்சுக்குச் சரி, ஆனால் வேர் ‘அடை’தான். எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆரியங்காவு தாண்டினால் இன்றைக்கும் ‘கதகு அடய்க்கு’ என்றுதான் கேட்கும். அடை, அடைசல், அடைக்கலம், அடைமழை, கோழி அடை காப்பது எல்லாம் ஒரே குடும்பம். அவியலோடு சாப்பிடும் அடை இதில் சேருமா என்று பத்து வருடமாக யோசிக்கிறேன். மாவைக் கல்லில் அடைத்துத் தட்டுவதால் சேரும் என்பது என் துணிபு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தானே இயங்கிய கதவுக்கு நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. திருமறைக்காட்டில் அப்பர் பதிகம் முழுவதும் பாடிய பிறகுதான் கதவு திறந்தது. சம்பந்தர் பாட, முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. கோயில் கதவை அடைப்பதைத் ‘திருக்காப்பிடுதல்’ என்போம். எனவே ‘தற்காப்பி’?

சங்கரன்கோவிலிலிருந்து, 12.58

கராத்தே வகுப்பு என்று நினைப்பார்கள்.

டாலஸிலிருந்து (சொந்த ஊர் களக்காடு), இந்திய நேரம் இரவு 9.20

இங்கே எங்கள் வீட்டில் இருப்பதால் சொல்கிறேன். திருமறைக்காட்டில் நடந்தது குரலுக்குக் கட்டுப்பட்ட வேலை. அக்கா கேட்பது நேரத்துக்குக் கட்டுப்பட்டது. அதைவிட முக்கியம், இந்தக் கருவி எதையும் அடைப்பதே இல்லை. கதவின் கனத்தைத் தாங்குவது மேலே முறுக்கி வைத்த ஸ்பிரிங், இழுப்பது மோட்டார். இது வெறும் கடிகாரம். நேரம் ஆனதும் மோட்டாருக்கு ஓர் உத்தரவு கொடுக்கும், அவ்வளவுதான். ஆகவே ‘அடைப்பேவி’ என்பேன். வேடிக்கை என்னவென்றால் அந்த மோட்டாருக்கு இங்கே பெயர் ‘ஓப்பனர்’. அடைப்பதும் அதேதான். இவர்களே இவ்வளவு அசட்டையாகப் பெயர் வைத்திருக்கும்போது நாம் ஏன் அடித்துக்கொள்கிறோம் என்றும் தோன்றுகிறது.

எச்சரிக்கைப் பகுதியில் மட்டும் கவனமாக இருங்கள். குழந்தைகள் கதவுக்கடியில் சிக்கி இறந்ததால் இங்கே சட்டமே வந்தது. 1993 முதல் வீட்டுக் கராஜ் மோட்டார்களில் ஒளிக்கண் (வாசலின் குறுக்கே ஓர் ஒளிக்கற்றை போகும்; அதை எதாவது மறித்தால் இறங்கும் கதவு மேலே திரும்பிவிடும்) அல்லது அதற்கு ஈடான தடுப்பு கட்டாயம். ஒளிக்கண் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஆள் இல்லாமல் கதவு இறங்குவதென்றால், குறைந்தது 5 நொடி விளக்கு மின்னி, பீப் அடித்து, அதற்குப் பிறகுதான் அசைய வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து, புதன் காலை 6.50

தம்பி, அந்த 6 அங்குலத்தின் அருமை எனக்குத் தெரியும். பெருமாள்புரத்தில் மாமா வீட்டில் இதே மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறார்கள், வெளிநாட்டு மகன் உபயம். போன சித்திரையில் ஆச்சி, காக்கைக்குப் பயந்து, கார் ஷெட் வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் ஊற்றியிருந்தாள். பாதி வேட்டி உள்ளே, பாதி வெளியே. மாமா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிடத்தில் விளக்கு மின்னியது. ஆச்சிக்குக் காது மந்தம், பீப் கேட்கவில்லை. ஒளிக்கற்றை வத்தலுக்கு மேலே அரை அடி உயரத்தில் போகிறது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கதவின் அடி ரப்பர் வேட்டியின் குறுக்கே ஒரே கோடாக இறங்கி உட்கார்ந்துவிட்டது.

எதிலாவது இடித்தால் கதவு தானே மேலே போகுமே என்று மாமா வந்து சண்டை போட்டார். அதற்கான சோதனையே ஒன்றரை அங்குலக் கட்டையைத் தரையில் கிடத்திப் பார்ப்பதுதான் என்று கையேட்டில் இருக்கிறது. வத்தல் ஒன்றரை அங்குலமா இருக்கும்? ஆச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “யாரு தொட்டா?” யாரும் தொடவில்லை என்பதை நம்பவைக்க ஒரு வாரம் ஆயிற்று.

அதனால் சொல்கிறேன், சொல்லில் ‘தானே’ இருக்க வேண்டும். ‘அடைப்பேவி’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஆச்சிக்கு அது பேய் பிசாசு மாதிரி கேட்கும்.

(‘ஒளிக்கண்’ என்ற சொல்லை ஒருவரும் எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கே பயமாக இருக்கிறது.)

அம்பாசமுத்திரத்திலிருந்து, 8.05

ஆச்சிக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லின் கட்டுக்கோப்பை விடமுடியாது. ‘பேருந்து’ வந்தபோதும் ஆச்சிகள் சிரித்தார்கள். பழகினால் எல்லாம் புரியும். கோட்டை வாயிலுக்கென்றே நம்மிடம் சொற்கள் உண்டு: எழு, கணையமரம், ஐயவித்துலாம். இளங்கோவடிகள் மதுரை மதிலின் பொறிகளை அடுக்கும் இடத்தில் வருவது.

வள்ளியூரிலிருந்து, 8.20

ஐயா, நான் பில்லில் ‘ஐயவித்துலாம் 1’ என்று எழுதினால் வீட்டுக்காரர் பணம் தருவாரா?

செங்கோட்டையிலிருந்து, 11.30

அண்ணாச்சி, கார் ஷெட்டுக்கு ‘வண்டிப்புரை’ என்ற நல்ல சொல்லை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. புரை என்றால் வீடு. மாட்டுப்புரை இருக்கிறதே. விரிவாக எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலிலிருந்து, 11.41

எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம். இப்போது இதை முடிப்போம். ‘-ஆன்’ விகுதியை விட்டு ‘-இ’ போட்டால் மாட்டு நோய் விலகிவிடுகிறது: தன்னடைப்பி. ‘தானியங்கிக் கதவடைப்பு’ மட்டும் வேண்டாம். ஆலை முதலாளி பூட்டிவிட்டுப் போனதாக நினைத்துச் சங்கத்து ஆட்கள் வந்து நிற்பார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து, வெள்ளி மாலை 5.50

அனுப்பிவிட்டேன். தன்னடைப்பிக்கு ஐந்து பேர், தானே சாத்திக்கு மூன்று பேர், அடைப்பேவிக்குத் தம்பி ஒருவர். ஆகவே உள்ளே 31 இடத்திலும் தன்னடைப்பி. முதல் இடத்தில் மட்டும் ‘தானே கதவை அடைக்கும் கருவி’ என்று விளக்கம் கொடுத்தேன். சுவர்த் தாளில் சொல்லே இல்லை. இப்படி எழுதினேன்: ‘இந்தக் கதவு யாரும் தொடாமலே தானாகச் சாத்திக்கொள்ளும். விளக்கு மின்னினால் விலகி நில்லுங்கள். வாசலில் எதையும் காயப்போடாதீர்கள்.’ கடைசி வரி கையேட்டில் கிடையாது, நான் சேர்த்தது. வெட்டினால் வெட்டட்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, 6.25

தன்னடைப்பிக்கு என் ஒப்புதல் இல்லை என்பது பதிவாகட்டும். தன்னை அடைப்பதா, தானாக அடைப்பதா என்ற ஐயம் அதில் அப்படியே நிற்கிறது. என் தன்னடைப்பானிலும் அதே ஐயம் உண்டு என்று என் மருமகள் இப்போதுதான் சொன்னாள். ஞாயிறன்று எழுதுகிறேன்.