கூம்பு மாட்டிய பூனை பின்னோக்கியே நடக்கிறது, என்ன செய்ய?

செல்லூர்க்காரி:
முந்தாநாள் எங்கள் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியதிலிருந்து பின்னோக்கியே நடந்து சுவரில் முட்டுகிறாள், கிண்ணத்தில் வாய் எட்டவில்லை, நேற்று ராத்திரி முழுக்கக் கத்தல். மதுரை வெயிலில் இது வேறு. பாவமாக இருக்கிறது, கழற்றிவிடலாமா?

திருமங்கலத்தான்:
கழற்றாதீர்கள் அக்கா. பூனை நாக்கு அரம் மாதிரி, நக்கி நக்கியே தையலைப் பிரித்துவிடும். பொதுவாக 10 முதல் 14 நாள் கூம்பு இருக்கணும். எங்கள் கறுப்பனும் முதல் இரண்டு நாள் இப்படித்தான், அப்புறம் பழகிவிட்டான். கிண்ணத்துக்குப் பதில் தட்டையான தட்டு, அதையும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள், கூம்பு தரையில் இடிக்காமல் சாப்பிடும். அவள் கக்கூஸ் போகும் மண் தொட்டிக்கு மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மேலூர் அம்மா:
கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். துணிக் கூம்பும் கிடைக்கிறது, ஆனால் மடங்கும், வாய் தையலை எட்டுகிறதா என்று கவனிக்கணும். வலிக்குமே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் தாயி, பூனைக்கு அது விஷம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

செல்லூர்க்காரி:
உப்பில்லாமல் அவித்த மத்தியைத் தட்டில் வைத்தேன், காலி! இப்போது கூம்போடு என் தலையணையில் படுத்திருக்கிறாள், எனக்குத்தான் இடமில்லை.